எக்ஸ்ரேயில் திட்டு தெரிந்தது, கிருமி தெரிய ஒரு மாதம் ஆனது

என் அப்பாவுக்குப் போன ஐப்பசியில் நிமோனியா வந்தது. எந்தக் கிருமியால் வந்தது என்று தெரிவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதற்குள் எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் என்று படம் மேல் படம் எடுத்தோம், கிட்டத்தட்ட இரண்டு லட்சம் செலவானது, இல்லாத ஒரு நோய்க்கு மருந்தும் சாப்பிட்டார். கடைசியில் விடை கிடைத்தது ரத்தக் கல்சரில், அதாவது ரத்தத்தில் இருக்கிற கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கிற சோதனையில். அம்மா தவறிப் பல வருஷம் ஆகிறது, தம்பி குவைத்தில் இருக்கிறான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவதில் இருந்து கஞ்சி வாங்கி வருவது வரை நான் ஒருத்திதான். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் டாக்டர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வயலில் இறங்கி வேலை செய்கிற, சர்க்கரை இருக்கிற பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள்.

எங்கள் ஊர் மேலூருக்குப் பக்கத்தில், பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி ஒருபோகம் நெல் போடுகிற ஊர். கால்வாயில் தண்ணீர் வந்து, மழையும் சேர்ந்து பிடித்துக்கொண்டதால் அந்த மாதம் முழுக்க அப்பா சேற்றிலேயே நின்றார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, பத்து வருஷத்துக்கு மேலாகச் சர்க்கரை. காலில் செருப்பில்லாமல்தான் வயலில் இறங்குவார், எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான். வரப்பு வெட்டும்போது மம்பட்டி பட்டுப் பாதத்தில் ஒரு காயம், குதிகாலில் எப்போதும் இருக்கிற பித்தவெடிப்பு. காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாளும் இறங்கிவிட்டார். இந்தக் காயத்தைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை, நாங்களாகச் சொல்லவும் தோன்றவில்லை. இருமலுக்கும் காலில் பட்ட வெட்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

நடவு முடிந்த சில நாளில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். போன் பண்ணினால் "விடு தாயி, மழைச் சளிதான், கசாயம் குடிச்சா போயிரும்" என்றார். ஊரில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள், மூன்று நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கி இறங்கி ஏறியது. அப்புறம் மஞ்சளாகச் சளி, வலது பக்கம் மூச்சு இழுத்தால் குத்துகிற வலி. நான் போய்ப் பார்த்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச முடியாமல் நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இந்த இடத்தில் ஒன்று. சாதாரணச் சளியா, நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருக்குத் தெரியாமல் ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். சாதாரணமாகப் பன்னிரண்டில் இருந்து இருபது வரை இருக்கும். 30-ஐத் தொட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் பார்க்கிற கருவி பல வீட்டில் அலமாரியில் கிடக்கிறது, அதை எடுத்து விரலில் மாட்டுங்கள். 94-க்குக் கீழே இருந்தால் தள்ளிப் போடக் கூடாது, 90-க்குக் கீழே என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வயசானவர்கள் திடீரென்று குழம்பிப் பேசினாலும் அது அசதி என்று விட்டுவிடாதீர்கள். நிமோனியா முற்றுவதற்கு அதுவும் ஓர் அடையாளம், சில பெரியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரும்.

மேலூரில் முதல் எக்ஸ்ரே எடுத்தோம். வலது நுரையீரலின் மேல் பாகத்தில் வெள்ளையாக ஒரு திட்டு. "நிமோனியா, அட்மிஷன் போட்டுருங்க" என்றார்கள். நான் பயத்தில் நேராக மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். உள்ளே போன அரை மணி நேரத்தில் கையில் ஊசி குத்தி ஆன்டிபயாட்டிக் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு வேகமாகச் செய்தது அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் ஊசி போடுவதற்கு முன்னால் ரத்தக் கல்சரும் எடுக்கவில்லை, சளியும் எடுக்கவில்லை. இரண்டு நாள் மருந்து போன பிறகு சளி எடுத்து அனுப்பினார்கள், "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வந்தது. மருந்து கிருமியை அழித்திருக்காது, ஆனால் லேபில் கிருமி வளர்க்கிற தட்டில் வளரவிடாமல் அடக்கி வைத்திருக்கும் என்று பின்னால் ஒரு டாக்டர் விளக்கினார். இந்த முழுக் கதையிலும் நாள் வீணானது இங்கேதான். ஆகவே உங்கள் வீட்டில் நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தால், ஊசிக்கு முன்னால் "ரத்தக் கல்சர் எடுத்துட்டீங்களா?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். அதை எடுக்க ஐந்து, பத்து நிமிஷம்தான் ஆகும். இரண்டு வேறு இடத்தில் குத்தி, ஒவ்வொரு பாட்டிலுக்கும் 8 முதல் 10 மில்லி ரத்தம் எடுப்பது நல்லது. ஆள் ரொம்ப முடியாமல் இருந்தால் மட்டும் கல்சருக்காக மருந்தைத் தள்ளிப் போடக் கூடாது, உயிர்தான் முதலில். வீட்டில் இருந்தே மாத்திரையில் சரியாகிற லேசான நிமோனியாவுக்கு இதெல்லாம் பொதுவாகத் தேவைப்படாது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போனவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், மூன்று நாள் மருந்து போயும் காய்ச்சல் இறங்காதவர்கள், இவர்களுக்குக் கட்டாயம் கேட்க வேண்டும்.

சளி எடுப்பதிலும் விஷயம் இருக்கிறது. அப்பா டப்பாவில் துப்பியது பாதி எச்சில். நல்ல லேபில் முதலில் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். வாயின் தோல் செல்கள் நிறைய இருந்து சீழ் செல்கள் குறைவாக இருந்தால் அது நெஞ்சில் இருந்து வந்த சளி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், அப்படி அனுப்புகிற லேபைத்தான் நம்ப வேண்டும். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்சு இழுத்து, அடி வயிற்றில் இருந்து இருமி எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும். அறையில் மேஜை மேல் மத்தியானம் வரை இருந்தால் வேறு கிருமிகள் பெருகிவிடும்.

எக்ஸ்ரேயைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் எல்லாரும் நம்பியது அதைத்தான். தனியார் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை என்று கட்டிலிலேயே படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் இதயம் பெரிதாக இருக்கிறது என்று வந்தது. அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. நெஞ்சிலும் கோளாறு, இதயத்திலும் கோளாறு என்றால் எங்கே போவேன் என்று மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் எக்கோ எடுத்தார்கள், இரண்டாயிரத்துச் சொச்சம், இதயம் சரியாகவே இருந்தது. எக்ஸ்ரே கதிர் முதுகுப் பக்கமிருந்து நுழைந்து, நெஞ்சு பலகையில் ஒட்டியபடி நின்று எடுக்கிற படத்தில்தான் இதயத்தின் அளவு சரியாகத் தெரியும். படுத்தபடி முன்பக்கமிருந்து எடுத்தால் யாருக்கும் இதயம் பெரிதாகத்தான் தெரியும். அதே மாதிரி மூச்சை முழுசாக இழுத்துப் பிடிக்காமல் எடுத்தால் நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கி, நோய் இல்லாத இடமும் வெள்ளையாகத் தெரியும். முடிந்தவரை நிற்க வைத்து எடுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் படம் எப்படி எடுத்தது என்று ரிப்போர்ட்டில் போட்டிருக்கிறதா பாருங்கள்.

படத்தில் காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை. நுரையீரல் முழுக்கக் காற்று என்பதால் கறுப்பாக இருக்கும். காற்றுப் பைகளுக்குள் சீழோ நீரோ நிரம்பினால் அந்த இடம் வெளுத்துவிடும். அந்த வெளுப்புக்குள் கறுப்பாகக் கிளை கிளையாக மூச்சுக்குழல் தெரிந்தால், பைகள் அடைத்திருக்கின்றன, குழல் திறந்திருக்கிறது என்று பொருள். விலாவுக்கும், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத் தசைக்கும் நடுவில் இருக்கிற கூர்மையான மூலை மழுங்கியிருந்தால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம். நின்று எடுக்கிற படத்தில் அது தெரியவே சுமார் 200 மில்லி சேர வேண்டும். அதைவிடக் குறைவான நீரை அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுத்துவிடும், அதில் கதிர்வீச்சும் கிடையாது. இத்தனையும் ஒரு படத்தில் தெரியும். ஆனால் அந்த வெள்ளை எதனால் வந்தது என்பதை மட்டும் அது உறுதியாகச் சொல்லாது. பின்னால் பார்த்த அரசு ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "செவுத்துல ஓதம் தெரியுதும்மா. மழைத் தண்ணியா, குழாய்த் தண்ணியான்னு செவுத்தப் பாத்துச் சொல்ல முடியுமா?" என்றார்.

ஓரளவு ஊகிக்க உதவும் அடையாளங்கள் உண்டு, அதையும் அவரே சொன்னார். நியூமோகாக்கஸ் என்ற கிருமிதான் உலகம் முழுக்க நிமோனியாவுக்கு முக்கியமான பாக்டீரியா. அது பெரும்பாலும் நுரையீரலின் ஒரு மடலை, அதாவது ஒரு பெரிய பாகம் முழுவதையும் வெளுக்க வைக்கும். கிளெப்சியெல்லா சர்க்கரை உள்ளவர்களையும் குடிப்பவர்களையும் அதிகம் பிடிக்கும், மேல் மடலைப் பிடித்து அந்த மடலையே உப்ப வைக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஃப்ளூ காய்ச்சல் வந்து போன பின்னால் வரும், நுரையீரலில் சீழ்க்குழி உண்டாக்கும். மைக்கோபிளாஸ்மா இளவயதுக்காரர்களுக்கு வறட்டு இருமலோடு வரும், படத்தில் மெல்லிய புகையாகத் தெரியும். அதற்குச் செல் சுவரே இல்லாததால் பெனிசிலின் வகை மருந்து எதுவும் அதன்மேல் வேலை செய்யாது. இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன என்பதுதான் சிக்கல். மேல் மடலில் குழியோடு ஒரு திட்டு என்றால் அது கிளெப்சியெல்லாவாக இருக்கலாம், ஸ்டெஃபைலோகாக்கஸாக இருக்கலாம், டிபியாக இருக்கலாம், அப்பாவுக்கு வந்தது போல வேறு ஒன்றாகவும் இருக்கலாம். நமக்கு ஆஸ்பத்திரி என்றாலே முதலில் எக்ஸ்ரேதான். ஆனால் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். கிருமிக்குச் சாயமேற்றிப் பார்க்கிற முறையை ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-லேயே கொண்டுவந்துவிட்டார், அதுவும் நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் சோதித்துத்தான். கிராம் ஸ்டெயின் என்று இன்றைக்கும் லேபில் செய்கிற, சில நூறு ரூபாய்கூட ஆகாத அந்தச் சோதனையை எங்களுக்கு ஆரம்பத்தில் யாரும் செய்யவில்லை.

காய்ச்சல் இறங்காததால் சிடி எடுத்தோம். ஸ்கேன் சென்டரில் இருந்தவர் "சிடி எடுத்தா எல்லாம் தெரிஞ்சிரும்க்கா" என்றார், ஐயாயிரம் ரூபாய். திட்டுக்குள் ஒரு குழி இருப்பதும், இடது பக்கமும் சின்னச் சின்னப் பொட்டுகள் இருப்பதும் தெரிந்தது. எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு தெளிவு, ஆனால் கிருமியின் பெயர் அதிலும் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு இருமல் என்றாலே சிடி எடுக்கச் சொல்லி நாமே கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் உடம்புக்குப் போகிற கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட். சாதாரண நெஞ்சு சிடியில் அது போல ஐம்பது மடங்குக்கு மேல். மருந்துக்கு அடங்காத நிமோனியா, சீழ்க்குழிச் சந்தேகம், கட்டிச் சந்தேகம் என்றால் சிடி அவசியம்தான், அப்போது தயங்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மருந்து ஏற்றி எடுக்கிற சிடி என்றால் முன்னால் கிரியேட்டினின் என்ற சிறுநீரகச் சோதனை பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள். படம் பதிவான குறுந்தகட்டையும் பிலிமையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் பிலிமைத்தான் கேட்டார்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதவில்லை.

சிடி பார்த்ததும் டிபி என்றார்கள். மேல் மடல், குழி, எடை இறங்குதல், சர்க்கரை. நம் நாட்டில் இதைப் பார்த்து டிபியை முதலில் நினைப்பது சரியானதே, அதில் எனக்குக் குறை இல்லை. குறை, சளியில் டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்காமல் படத்தை மட்டும் வைத்து மருந்து ஆரம்பித்ததில். சிபிநாட் என்ற சோதனை அரசு ஆஸ்பத்திரிகளில் காசில்லாமல் செய்கிறார்கள். கருவியில் ஏற்றினால் இரண்டு மணி நேரத்தில் டிபி உண்டா இல்லையா, டிபிக்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா செய்யாதா என்று சொல்லிவிடும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். டிபி சந்தேகம் இருக்கும்போது, சளியைச் சோதிப்பதற்கு முன்னால் லீவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை எடுத்தால் அது டிபியைக் கொஞ்ச நாள் அமுக்கி வைத்து, சோதனையைக் குழப்பிவிடும். இருமலுக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரையில் அதுவும் இருக்கலாம்.

டிபி என்ற சொல் ஊருக்குள் போனதும் நடந்ததை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது. டிபி ஆஸ்பத்திரி இருக்கிற தோப்பூருக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பேச்சு. அப்பாவைப் பார்க்க வந்த சொந்தங்கள் வாசலோடு நின்றார்கள். அப்பாவே தன் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார், என் மகளைக் கிட்ட வரவேண்டாம் என்றார். தட்டு டம்ளரால் டிபி பரவாது. டிபியே வந்திருந்தாலும் அது வெட்கப்படுகிற நோய் இல்லை, மருந்து இருக்கிற நோய். ஆனால் அப்பாவிடம் அதைச் சொல்லிப் புரியவைக்கத் தெம்பில்லாமல் நானும் சோர்ந்து போயிருந்தேன். மாத்திரையில் ரிஃபாம்பிசின் இருப்பதால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, அதைப் பார்த்து ரத்தம் என்று பயந்தார். சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. ரிஃபாம்பிசின் சில சர்க்கரை மாத்திரைகளின் வேலையைக் குறைத்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. மருந்து ஆரம்பித்தும் காய்ச்சல் நிற்கவில்லை, ஆள் எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார். பணமும் தீர்ந்துவிட்டது. கூட்டுறவு வங்கியில் என் வளையலை வைத்து வாங்கிய கடன் ஆஸ்பத்திரி பில்லுக்கே போனது. அது மட்டும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். கடையில் லீவு போட்ட நாளுக்குச் சம்பளமும் பிடித்துவிட்டார்கள்.

அதற்கு மேல் முடியாமல்தான் மதுரை அரசு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கூட்டம், தரையில் பாய், இரவெல்லாம் விளக்கு. சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வார்டில் அப்பாவைப் பார்த்த டாக்டர் முதலில் கேட்டது, "ஐயா, என்ன வேலை பாக்குறீங்க?" என்றுதான். வயல் என்றதும் போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்த்தார். காயம் எப்போது பட்டது, நடவு எப்போது, காய்ச்சல் எப்போது என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. எனக்குச் சட்டென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் எழுதினார். நெஞ்சுக் கோளாறுக்கு வயிற்று ஸ்கேன் எதற்கு என்று நினைத்தேன். மண்ணீரலில் சின்னச் சின்னச் சீழ்க்கட்டிகள் இருந்தன. சளியில் சிபிநாட் செய்தார்கள், டிபி இல்லை. ரத்தக் கல்சர் எடுத்தார்கள். இரண்டாம் நாள் கிருமி வளர்ந்திருப்பதாகத் தகவல் வந்தது, அப்புறம் பெயரும் வந்தது: பர்க்ஹோல்டேரியா சூடோமாலெய். நோயின் பெயர் மெலியாய்டோசிஸ்.

நான் கேள்விப்பட்டதே இல்லை. ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்கிற பாக்டீரியா அது. தோலில் இருக்கிற வெட்டு, வெடிப்பு வழியாக உடம்புக்குள் போகும், கடும் மழைக் காற்றில் மூச்சு வழியாகவும் போகலாம். உள்ளே போய் ஒன்றில் இருந்து இருபத்தொரு நாளுக்குள் காய்ச்சல் ஆரம்பிப்பதுதான் வழக்கம், சிலருக்கு மாசக்கணக்கில் பதுங்கியும் இருக்கும். அதிகம் பிடிப்பது சர்க்கரை உள்ளவர்களை. நுரையீரலைத் தாக்குவதுதான் மிகுதி, கல்லீரல், மண்ணீரல், மூட்டு என்று எங்கே வேண்டுமானாலும் சீழ் கட்டும். படத்தில் பல நேரம் டிபி மாதிரியே இருக்கும். ஆளுக்கு ஆள் தொற்றுவது மிக மிக அபூர்வம் என்று டாக்டர் சொன்னதும் முதல் வேலையாக அப்பாவின் தட்டையும் டம்ளரையும் மற்ற பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவி வைத்தேன். இந்த நோயை முதன்முதலில் ரங்கூனில் கண்டு 1912-ல் எழுதியவர்கள் ஆல்ஃபிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி என்ற இரண்டு டாக்டர்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், தென்னிந்தியாவில் பலருக்கு வந்திருந்தும், நெல் வயல் சூழ்ந்த நம் பக்கத்தில் இந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

லேபில் வளர்ந்தாலும் இது தப்பிவிடும் என்று மைக்ரோபயாலஜி டாக்டர் சொன்னார். "சூடோமோனாஸ் வகை" என்று வேறு பாக்டீரியாவின் பெயரிலோ, வெளியில் இருந்து கலந்த கிருமி என்றோ ரிப்போர்ட் எழுதிவிடுவது உண்டு. ஜென்டாமைசின், கொலிஸ்டின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குக்கும் அடங்காமல், அமாக்சிசிலின் கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்குகிற கிருமி என்று ரிப்போர்ட்டில் இருந்தால் இதைச் சந்தேகப்பட வேண்டுமாம். சர்க்கரை உள்ள விவசாயிக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால், "மெலியாய்டோசிஸா இருக்குமா சார்?" என்று கேட்டுவிடுங்கள். லேபுக்கு அனுப்பும் சீட்டில் நோயாளியின் தொழிலையும் எழுதச் சொல்லுங்கள், லேபில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத் தேடுவார்கள், தங்களுக்கும் பாதுகாப்பு செய்துகொள்வார்கள்.

மருந்து இரண்டு கட்டம். முதலில் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனம் ஊசி, குறைந்தது பத்தில் இருந்து பதினான்கு நாள், உள்ளே சீழ்க்கட்டி இருந்தால் வாரக்கணக்கில் நீளும். தனியார் ஆஸ்பத்திரியில் ஏற்றிய செஃப்ட்ரியாக்சோன் கிட்டத்தட்ட அதே குடும்பம்தான், ஆனால் இந்தக் கிருமிக்கு அது போதாது. பெரியாஸ்பத்திரியில் ஊசிக்குக் காசு வாங்கவில்லை. டிபி மாத்திரையை அவர்களே பார்த்து நிறுத்தினார்கள். நீங்களாக ஒருபோதும் நிறுத்தாதீர்கள், டிபி இல்லை என்று உறுதியான பின் டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். காய்ச்சல் உடனே போகவில்லை. இந்த நோயில் சரியான மருந்து போனாலும் ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் இருக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் நான் நிலைகுலையாமல் இருந்தேன். ஒரு நாள் காலையில் "இட்லி வாங்கிட்டு வா, கஞ்சி வேணாம்" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

பணம் பற்றி ஒரு வார்த்தை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலர் தருகிற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கிற மையத்தில் பதிய வேண்டும். எங்களிடம் அந்த அட்டை இல்லை. ஆள் படுத்த பிறகு சான்றுக்கு அலைவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் இல்லாத நாளில் போய்ப் பதிந்து வைத்துவிடுங்கள்.

இப்போது இரண்டாம் கட்டம் நடக்கிறது. கோட்ரைமாக்சசோல் மாத்திரை, குறைந்தது மூன்று மாதம். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் விட்டால் நோய் திரும்ப வரும் என்பதால் மாத்திரை அட்டையில் நான் தேதி எழுதிக் கொடுக்கிறேன். இது சல்ஃபா வகை மருந்து, சல்ஃபா ஒவ்வாமை இருப்பவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆரம்பத்தில் அடிக்கடி கிரியேட்டினின், பொட்டாசியம், ரத்த அணுக்கள் பார்த்தார்கள். உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மறுவேளை மாத்திரைக்கு முன் வரச் சொல்லியிருக்கிறார்கள். போன முறை எடுத்த எக்ஸ்ரேயில் திட்டு இன்னும் கொஞ்சம் தெரிந்தது, அதைப் பார்த்து நான் பதறினேன். படம் உடம்பைவிட மெதுவாகத்தான் தெளியும், வயசானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கூட ஆகும், ஆள் நன்றாக இருந்தால் வாராவாரம் படம் எடுக்க வேண்டாம் என்றார்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருக்கிற, ஐம்பது தாண்டியவர்கள் மட்டும் தேறிய பிறகும் அந்தக் கடைசிப் படத்தை விடக் கூடாது. சில நேரம் நிமோனியாவுக்குப் பின்னால் கட்டி ஒளிந்திருக்கும்.

அப்பா வயலுக்குப் போக ஆரம்பித்துவிட்டார், தடுக்க முடியாது. முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், சேற்றில் நடக்க முடியவில்லை என்று முனகிக்கொண்டே போட்டுக்கொள்கிறார். காலில் புண் இருக்கிற நாளில் தொளியில் இறங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். கல்சர் ரிப்போர்ட்டை மூன்று நகல் எடுத்து, ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவருடைய சர்க்கரை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். ஒன்று என் போனில் படமாக இருக்கிறது. இனி அவருக்கு எங்கே, எந்தக் காய்ச்சல் வந்தாலும் எக்ஸ்ரேக்கு முன்னால் அதை நீட்ட வேண்டும் என்று பக்கத்து வீட்டு மதினியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்த நேரத்தில் நான் கடையில் இருப்பேன்.